தீபாவளி முடிஞ்ச ரெண்டாம் நாளே ஸ்டாரா?

திருவாரூர் வாசகர் ஒருத்தர் கேட்டது, 2 நவம்பர் 2024:

"வியாழக்கிழமை தீபாவளி. இன்னிக்கு சனிக்கிழமை கும்பகோணம் கடைத்தெருப் பக்கம் வந்தேன். பட்டாசுக் குப்பையையே இன்னும் கூட்டி முடிக்கலை, அதுக்குள்ள ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் வாசல்ல கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குது. பக்கத்துலயே பிளாஸ்டிக் மரம். இவ்வளவு சீக்கிரமாவா? வீடுகள்ல எப்போ கட்டுவீங்க? இதுக்கு நாள், முறைன்னு ஒண்ணு இருக்கா? நான் கிறிஸ்தவன் இல்லை, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

3 நவம்பர், ஞாயிறு காலை

முறை இருக்கு. கடைக்காரன் அதைக் கேக்கறதில்லை, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறும் திருவருகைக் காலம். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவுல விழும். இந்த வருஷம் டிசம்பர் 1. அதுவும் கொண்டாடற காலம் இல்லை, காத்திருக்கற காலம். சாமியார் ஊதா உடுப்புல பூசை வைப்பார், "உன்னதங்களிலே" பாட மாட்டாங்க. காத்திருக்கறதே டிசம்பர்லதான் ஆரம்பிக்குதுன்னா நவம்பர் 2-ல ஸ்டார் எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க.

நீங்க அதைப் பார்த்த நாள் எங்களுக்குக் கல்லறைத் திருநாள். சாயங்காலம் அப்பா அம்மா கல்லறையில செவ்வந்தி வச்சு மெழுகுவர்த்தி கொளுத்தினோம். தூறல், ஒரு கையில குடை. திரும்பி வர்ற வழியில அதே கடை, அதே ஸ்டார். விரல்ல ஒட்டின மெழுகை இன்னும் உரிக்கக்கூட இல்லை. நவம்பர் பூரா எங்களுக்கு இறந்தவங்களுக்கான மாசம்.

எங்க வீட்டுல அம்மா வச்ச சட்டம்: டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள் அன்னிக்குப் பரண்லேருந்து பெட்டி இறங்கும். இறங்கினாலும் திறக்கக்கூடாது. டிசம்பர் 16-லேருந்து கிறிஸ்துமஸ் நவநாள், அதாவது ஒன்பது நாள் ஜெபம். அது ஆரம்பிக்கற அன்னிக்குத்தான் ஸ்டார். குடில்ல, அதாவது இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைங்களால வைக்கறதுல, பாலன் இயேசு 24 ராத்திரி பூசை முடிஞ்சு வந்தப்புறம்தான். அதுவரைக்கும் தீவனத்தொட்டி காலியா கிடக்கும். சின்ன வயசுல அந்தக் காலித் தொட்டியைப் பார்த்தாலே வயித்தைப் பிசையும்.

அதே நாள் இரவு

காலையில எழுதினதைத் திரும்பப் படிச்சேன். கோயில்பிள்ளை மாதிரி பேசியிருக்கேன். ஒரு விஷயத்தைச் சாமர்த்தியமா விட்டுட்டேன். அப்புறம் சொல்றேன்.

5 நவம்பர்

ஸ்டாரை எப்படிச் செய்யறதுன்னு கேட்டிருந்தாங்க. 80-கள்ல எங்க தெருவுல யாரும் காசு கொடுத்து ஸ்டார் வாங்கினதில்லை.

ஒரே அளவுல பத்து மூங்கில் பிளாச்சு. அஞ்சஞ்சா வச்சுக் கட்டினா ரெண்டு நட்சத்திரச் சட்டம் வரும். ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையையும் சணல்ல இறுக்கணும். நடுவுல குச்சிங்க ஒண்ணையொண்ணு வெட்டிக்கற அஞ்சு இடத்துல ஆளுக்கொரு விரல் நீளக் கட்டையை நிறுத்தி உதை கொடுத்தா சட்டம் ரெண்டும் விலகி வயிறு உப்பும். இந்த உதைகட்டைதான் வித்தை. ஒண்ணு நழுவினா மொத்தமும் சப்பையாயிடும். நெருப்பு வச்ச மாதிரி பிளாச்சு கையைக் கிழிக்கும், அப்பா அதுக்குச் சைக்கிள் ட்யூப் ரப்பரை விரல்ல சுத்திப்பார். அப்புறம் மைதா பசை, அதுல மயில்துத்தம் ஒரு சிட்டிகை. இல்லேன்னா கரப்பான் ஒரே ராத்திரியில பேப்பரை முடிச்சிடும். ஒரு முனையில மட்டும் பேப்பர் ஒட்டாம கை போற அளவு வழி விட்டு, ஹோல்டரோட 40 வாட் பல்பை உள்ள இறக்கணும். பல்பு சாய்ஞ்சு பேப்பரைத் தொட்டுச்சுன்னா முடிஞ்சது கதை. எங்க வீட்டு 1984 ஸ்டார் அப்படித்தான் வைகுண்டம் போச்சு.

இந்தப் பேப்பர் ஸ்டாரே தரங்கம்பாடி வழியாத்தான் நம்ம பக்கம் வந்துச்சு. 1760-ல அங்க மொரேவியன்னு ஒரு புராட்டஸ்டன்ட் சபைக்காரங்க வந்து தங்கினாங்க. ஜெர்மனியில பேப்பர் ஸ்டார் அவங்க கண்டுபிடிப்பு. வேற எப்படி வந்திருக்கும்?

6 நவம்பர்

நேத்து கடைசிப் பத்தியை அழிச்சிடுங்க. ராத்திரி படுத்தப்புறம் கணக்குப் போட்டேன், இடிக்குது. மொரேவியன்காரங்க தரங்கம்பாடியில இருந்தது 1803 வரைக்கும்தான். அவங்க ஸ்டார் பிறந்ததோ 1830-கள்ல, நீஸ்கிங்கற ஊர்ப் பள்ளிக்கூடத்துல, பையன்களுக்கு வடிவ கணிதம் சொல்லித் தர்றதுக்காக. ஆளுங்க போய் முப்பது வருஷம் கழிச்சுத்தான் ஸ்டாரே வருது. போதாக்குறைக்கு அவங்களோடது 25 முனை, நம்மளது 5. "வேற எப்படி வந்திருக்கும்"னு கேட்டவன் நான்தான், மன்னிச்சுக்குங்க.

தரங்கம்பாடிக்குப் பெருமை வேணும்னா வேற நிறைய இருக்கு. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல வந்து இறங்கினது, 1718-ல புது எருசலேம் ஆலயம் கட்டினது எல்லாம் போதும். ஒரு வேடிக்கை: அந்த ஊர் லுத்தரன் வீடுகள்ல போதகரை "ஐயர்"னுதான் சொல்லுவாங்க. பொறையாறுல ஒரு டீக்கடையில "ஐயர் வீட்டுல ஸ்டார் கட்டியாச்சு"ன்னு ஒருத்தர் சொல்ல, எங்கூட வந்த கும்பகோணம் நண்பர் கிளாஸைக் கீழ வச்சுட்டார்.

9 நவம்பர்

சரி, மறைச்சதைச் சொல்லிடறேன். எங்க அப்பாவே கடைக்காரர்.

பேனா, நோட்டு, ரிப்பன், பொம்மைன்னு ஒரு பத்துக்குப் பத்துக் கடை. தீபாவளிக்கு வாசல்ல பட்டாசு. தீபாவளி மறுநாள் வாசல்ல ஸ்டார். நீங்க சனிக்கிழமை பார்த்து அதிர்ச்சியான காட்சியை நான் பதினஞ்சு வருஷம் என் கையாலயே கட்டித் தொங்கவிட்டிருக்கேன், ஸ்டூல் மேல ஏறி.

பேராசைன்னு மட்டும் சொல்லிட முடியாது. ஸ்டாரெல்லாம் மெட்ராஸ் பாரிமுனையிலேருந்து ஒரே லாட்டா வரும். பட்டாசு வித்த காசு கையில இருக்கறப்பவே வாங்கினாத்தான் உண்டு, விட்டா அது வேற எதுலயாவது கரைஞ்சிடும். விக்காம நின்னுபோன ஸ்டாரை அடுத்த வருஷத்துக்கு வைக்கவும் முடியாது. ஆறு மாசத்துல ஈரம் ஏறிச் சாயம் திட்டுத் திட்டாயிடும், எலி பசையை நக்கும். ஐம்பத்தைஞ்சு நாள்ல மொத்தமும் வித்தாகணும். வாசல்ல தொங்கலைன்னா சரக்கு இருக்கறதே யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு இது பிடிக்காது. கடைக்கு வந்தா ஸ்டாரை நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. "நீங்க வித்துக்குங்க. என் வீட்டுல 16-ம் தேதிதான்." அப்பா வாயே திறக்க மாட்டார். ஒரே குடும்பம், ரெண்டு காலண்டர், நடுவுல நான் ஸ்டூலோட.

அதனால 3-ம் தேதி காலையில நான் எழுதினதைப் பாதி மதிப்புக்கு எடுத்துக்குங்க.

10 நவம்பர்

"முன்னாடியே கட்டினா கரண்டு பில் என்ன ஆகும்?" மன்னார்குடிக்காரர் கேள்வி. 40 வாட் பல்பு, ராத்திரி பூரா 12 மணி நேரம், 30 நாள்: 14.4 யூனிட். இப்ப 5 வாட் எல்இடி, அதே கணக்குக்கு 1.8 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசத்துல அது காணாமப் போயிடும். அந்தக் காலத்துல ஒன்பது மணிக்கு ஸ்டாரை அணைக்கச் சொன்ன பெரியவங்க பக்தியிலயா சொன்னாங்க?

17 நவம்பர்

நேத்தோட கஜா புயல் அடிச்சு ஆறு வருஷம்.

2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. அக்கா வீடு திருத்துறைப்பூண்டிப் பக்கம். மூணாம் நாள் அரிசி, மெழுகுவர்த்தி, கொசுவத்தி எல்லாம் மூட்டை கட்டி பைக்ல போனேன். வழி நெடுக தென்னை மரமெல்லாம் ஒரே பக்கமா தலையைச் சாய்ச்சுப் படுத்துக் கிடந்துச்சு. கரண்டுக் கம்பம் நிக்கற இடமே தெரியலை.

அந்த வருஷம் அக்கா நவம்பர் 25-லேயே ஸ்டார் கட்டிட்டாங்க. கரண்டே இல்லை. "எதுக்குக்கா, எரியப் போறதில்லையே"ன்னேன். "கண்ணுக்கு எதிர்ல ஏதாவது நேரா நிக்கட்டும்டா"ன்னாங்க. விழுந்த தென்னையோட மட்டையைக் கிழிச்சுச் செஞ்ச சட்டம், பேப்பருக்குப் பதிலா நிவாரணத்துல வந்த புடவையோட பாலித்தீன் உறை. சாயங்காலம் அக்கா பையன் டார்ச்சை உள்ள கட்டி ஒரு கால் மணி நேரம் எரியவிடுவான், பேட்டரி போயிடும்னு அணைச்சிடுவான். தெருப் பிள்ளைங்க அந்தக் கால் மணி நேரத்துக்கு வந்து நிப்பாங்க.

திருவருகைக் காலத்துக்கு ஒரு வாரம் முன்னாடி. அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சேன். ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னுதான் படுது.

27 நவம்பர்

ரெண்டு நாளா கொட்டுது. புயல் சின்னம் கடல்லயே நின்னுக்கிட்டு டெல்டாவை நனைக்குது. பள்ளிக்கூடம் லீவு. வயல்ல சம்பாப் பயிர் தண்ணிக்குள்ள.

பால் வாங்கப் போனேன். நம்ம திருவாரூர்க்காரரோட அந்தப் பிரசித்தி பெற்ற ஸ்டார் வாசல்லயே நனைஞ்சு, சிவப்புச் சாயம் ஒழுகி, கீழ இருந்த வெள்ளை பேனர்ல கோடு கோடா இறங்கியிருக்கு. கடைக்காரப் பையன் துணியால துடைக்கறான், துடைக்கத் துடைக்க ரோஸ் ஆகுது. சிரிக்கக் கூடாது. நானும் ஒரு காலத்துல துடைச்சவன்.

அப்பதான் அப்பாவோட சட்டம் ஞாபகம் வந்துச்சு. கடை ஸ்டார் வேற, அது வியாபாரம். வீட்டு ஸ்டாரைப் பத்திக் கேட்டா அவர் சொல்றது ஒரே பழமொழிதான்: "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை." கார்த்திகை முடியட்டும், கட்டலாம். பேப்பர் ஸ்டாருக்கு மழைதான் எமன், அவருக்கு அவ்வளவுதான் கணக்கு.

அதே நாள், ஒரு மணி நேரம் கழிச்சு

காலண்டரைப் பார்த்தேன். கார்த்திகை முடிஞ்சு மார்கழி 1 எப்போ வருது? டிசம்பர் 16.

அம்மாவோட நவநாள் தேதியும் டிசம்பர் 16. சில வருஷம் மார்கழி ஒரு நாள் தள்ளிப் பிறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா கோயில் கணக்கு, அப்பா மழைக் கணக்கு. இதை வச்சு முப்பது வருஷம் ரெண்டு பேரும் மாறி மாறி முறைச்சுக்கிட்டாங்க. எனக்கு வயசு 52. இன்னிக்குத்தான் தெரியுது, ரெண்டு பேரும் ஒரே தேதியைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

28 நவம்பர்

தூத்துக்குடியிலேருந்து ஒருத்தர்: "கார்த்திகைக்குப் பின் மழை இல்லையா? போன வருஷம் எங்க ஊருக்கு வந்து பார்த்தீங்களா?" நியாயம்தான். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். மார்கழி பிறந்த அன்னிக்கே. பழமொழி எங்க அப்பாவோட போயிடுச்சுன்னு வச்சுக்குங்க.

1 டிசம்பர்

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. புயல் நேத்து ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறிடுச்சு, இங்க வெயில் எட்டிப் பார்க்குது. கோயில்ல முதல் மெழுகுவர்த்தி ஏத்தினாங்க. வெளியில ஸ்டார் கட்டலை. எங்க பேராலயத்து மாதாவோட பேரு அலங்கார அன்னை. பேர்லயே அலங்காரம் இருக்கற கோயில் ஒரு மாசம் பொறுக்குது, நமக்கென்ன அவசரம்.

சித்தப்பா மகன் காரைக்கால்காரன், கப்பல்ல வேலை. இந்த இழையைப் படிச்சிட்டு நேத்து போன் பண்ணினான். அவன்கூட இருக்கற பிலிப்பைன்ஸ்காரங்க செப்டம்பர் 1-லேயே ஆரம்பிச்சிடுவாங்களாம், செப்டம்பர்லேருந்து டிசம்பர் வரைக்கும் அவங்களுக்கு கிறிஸ்துமஸ்தான். எஞ்சின் ரூம் கதவுல செப்டம்பர்லயே ஒரு ஸ்டார். அதுவும் அங்க மூங்கில், பேப்பர், அஞ்சு முனைதான், பேரு பரோல். அப்ப நமக்கு வேளாங்கண்ணித் திருவிழா, ஆகஸ்ட் 29-ல கொடி ஏறியிருக்கும். செப்டம்பர் 8-ம் தேதி திருநாள் முடிஞ்சு கால்வலியோட வீடு வந்து சேர்றப்போ அவங்க ஸ்டாரைத் துடைச்சுக்கிட்டு இருப்பாங்க. நவம்பர் 2-ஐத் திட்டினவங்க கொஞ்சம் யோசிங்க.

14 டிசம்பர்

நேத்து திருக்கார்த்திகை. மறுபடியும் ரெண்டு நாள் மழை. பக்கத்து வீட்டு மாமி அகலைத் திண்ணையில உள்பக்கமா தள்ளி வச்சுட்டு என்கிட்ட கேக்கறாங்க: "என்னப்பா, இன்னும் ஸ்டார் கட்டலையா? என் அகல் நனைஞ்சு அணைஞ்சாலும் உன்னுது எரியும்னு பார்த்தேன்."

"திங்கக்கிழமை மாமி. மார்கழி ஒண்ணு."

"எனக்கும் அன்னிலேருந்துதான் பெரிய கோலம். ஏணி போடறப்போ கோலத்தை மிதிச்சுடாதே."

அப்பா ஏணி வச்சப்பவும் மாமி இதையேதான் சொல்லுவாங்க.

16 டிசம்பர், காலை

கட்டியாச்சு. நாலரைக்கு எழுந்து, கோலத்துக்கு முன்னாடியே ஏணியைப் போட்டு எடுத்துட்டேன். நானே செஞ்சது, பத்துப் பிளாச்சு. பேப்பர் மேல கண்ணாடி பாலித்தீன் ஒரு சுத்து, அக்காகிட்ட கத்துக்கிட்டது. இதைப் பார்த்தா அப்பா ஒத்துக்க மாட்டார், நிறம் மங்குதும்பார்.

குடிலுக்கு வைக்கோல்தான் இந்த வருஷம் பாடு. மேட்டூரை ஜூன் 12-க்குப் பதிலா ஜூலை 28-லதான் திறந்தாங்க, பம்புசெட் இருந்தவங்கதான் குறுவை போட்டாங்க. அந்த வைக்கோலும் ஈரத்துல கறுத்துக் கிடக்கு. நல்ல சம்பா வைக்கோல் பொங்கலை ஒட்டித்தான் வரும், பாலன் இயேசு அதுவரைக்கும் பொறுக்கறதில்லை. கடைசியில ஒரு மாட்டுக்காரர் போன வருஷப் போர்லேருந்து உருவிக் கொடுத்தார். காசு வாங்கலை, "சாமிக்குத்தானே"ன்னார்.

19 டிசம்பர்

நேத்து எங்க வீட்டுக்கு கேரல் வந்தாங்க, வீடு வீடா கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடற கோஷ்டி. மினி வேன், டிரம், தலையணை வயித்தோட கிறிஸ்துமஸ் தாத்தா. எங்க தெருவுல கிறிஸ்தவ வீடு நாலுதான். பாட வர்ற பசங்க பாதிப் பேர் புதுசு, வீடு தெரியாது. ஸ்டாரைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தறாங்க. நாலாவது வீட்டுல இன்னும் கட்டலை, வண்டி நேரா போயிடுச்சு. அந்த வீட்டுப் பெரியம்மா லுங்கியோட நின்ன மகனைப் பின்னாலேயே ஓடவிட்டாங்க.

கடைக்காரங்களும் கோயிலும் அடிச்சுக்கட்டும், வீட்டுக்காரங்களுக்கு இதுதான் கடைசித் தேதி. கேரல் வண்டி தெருமுனை திரும்பறதுக்குள்ள.

26 டிசம்பர்

இருபது வருஷம். 2004-லயும் இதே தேதி, ஞாயித்துக்கிழமை காலை. நாகப்பட்டினத்துல அத்தை வீடு. அவங்க உயிரோட இருந்தாங்க, மாமா இல்லை. வேற எழுத வேண்டாம்.

ஸ்டாரைப் பத்தி மட்டும். 2005-ல அத்தை கட்டவே இல்லை. 2006-ல கட்டினாங்க: 24 ராத்திரி ஏத்தி, 25 ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இறக்கி வச்சுட்டாங்க. 26-ம் தேதி விடியறப்போ வாசல்ல ஒண்ணும் தொங்கக்கூடாது. சாகற வரைக்கும் அதுதான் அவங்க முறை. நாங்க யாரும் காரணம் கேட்டதில்லை.

13 ஜனவரி 2025

"எப்போ எடுப்பீங்க"ன்னு கேட்டவங்களுக்கு. நேத்து ஞாயிறு ஆண்டவரின் திருமுழுக்கு விழா. அதோட கிறிஸ்துமஸ் காலம் முடிஞ்சது. இன்னிக்கு போகி. ரெண்டும் இப்படி முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு வந்தது வசதியாப் போச்சு.

பொங்கலுக்கு வெள்ளை அடிக்க ஏணி எப்படியும் வரணும், அதுலயே ஏறி இறக்கிட்டேன். பேப்பரைக் கிழிச்சு மாமி பேரன் மூட்டின நெருப்புல போட்டான், பாலித்தீனைப் போடவிடலை. சட்டம் பரணுக்குப் போயிடுச்சு. ஒரு உதைகட்டை விரிஞ்சிருக்கு.

கடைத்தெருவுல அந்தக் கடை ஸ்டார் இன்னும் தொங்குது, சாயமெல்லாம் போய் வெளுத்து. கீழ கரும்பு சாத்தி வச்சிருக்காங்க.